கார் பேட்டரியில் ஓடிய இசை: பழைய சில்லுகளில் சிப்டியூன் அமைப்பதன் பின்னணி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் மட்டுமே டீவி கேம் இருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த அந்த வீட்டு அண்ணன் ஒரு தீபாவளிக்குப் புறக்கோட்டையில் வாங்கி வந்த பெட்டி அது. லயத்துக்கு மின்சாரம் வந்திராத காலமாதலால் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியும் அந்தப் பெட்டியும் ஒரே கார் பேட்டரியில்தான் ஓடின. பேட்டரி இறங்க இறங்கத் திரையின் ஓரங்கள் உள்ளே சுருங்கும். படம் பாதியாகிவிட்ட பின்னரும் இசை மட்டும் குறையாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். முறை வரும்வரை கதவோரத்தில் காத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு விளையாட்டைவிட அந்த இசைதான் அதிகம் கிடைத்தது.

அந்த இசை எங்கும் பதிவு செய்து வைக்கப்பட்டதல்ல என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன். ஒலிநாடாவிலோ இறுவட்டிலோ இருப்பது, யாரோ எப்போதோ பாடியதன் நகல். டீவி கேமில் கேட்டதோ, ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே புதிதாக உண்டாக்கப்பட்ட ஒலி. எந்தக் குரல், எந்த உயரத்தில், எவ்வளவு பலத்தில் ஒலிக்க வேண்டும் என்று நிரல் நொடிக்கு ஐம்பது தடவை ஆணையிட, உள்ளே இருந்த சில்லு (சிப்) அந்த ஆணையை அப்போதே ஒலியாக்கியது. இறுவட்டின் தரத்தில் ஒரு நிமிட இசையைச் சேமிக்க ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பைட்டுகள் தேவைப்படும். ஆணைகளாக மட்டும் எழுதப்பட்ட ஒரு முழுப் பாட்டு சில ஆயிரம் பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். பழைய கணினிகளிலும் கையடக்க விளையாட்டுக் கருவிகளிலும் இருக்கும் இத்தகைய சில்லுகளையே வாத்தியமாகக் கொண்டு இன்றும் அமைக்கப்படும் இசையைச் சிப்டியூன் என்கிறார்கள்.

இதனைப் பழைய நினைவுகளின் மீதான ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஏக்கம் இல்லையென்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஏக்கத்தைக் கொண்டு மட்டும் அந்த இசையின் வேகத்தையோ, நடுக்கத்தையோ, குரல்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒதுங்கும் விதத்தையோ விளக்க முடியாது. அவை அனைத்தும் சில்லின் கணக்கிலிருந்து பிறந்தவை. அந்தக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மூன்று குரல் கொண்ட சில்லு

1982 ஆம் ஆண்டு வெளிவந்த கொமடோர் 64 கணினியில் இருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் விளையாட்டுச் சத்தத்துக்காக அன்றி ஒரு வாத்தியத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சில்லு அதில்தான் இருந்தது. சிட் என்று அழைக்கப்படும் 6581 இலக்கச் சில்லை வடிவமைத்தவர் ரொபர்ட் யானிஸ். பின்னாளில் என்சோனிக் என்ற இலத்திரனியல் வாத்திய நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகவும் அவரே விளங்கினார். சிட் சில்லுக்குக் குரல்கள் மூன்றே. ஆனால் ஒவ்வொரு குரலும் முக்கோண அலை, ரம்பப்பல் அலை, துடிப்பு அலை, இரைச்சல் என்ற நான்கில் எதையும் எடுத்துக்கொள்ளக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் தனியே எழுச்சி, தணிவு, நிலை, விடுகை என்ற நான்கு கட்டங்கள் கொண்ட ஒலிப்பலக் கட்டுப்பாடு உண்டு. எழுச்சியை 2 மில்லிசெக்கன் என்ற வெட்டிலிருந்து 8 செக்கன் நீளும் மெல்லிய ஏற்றம்வரை வைக்கலாம். இவற்றுக்கு மேலாகக் குரல்களை வடிகட்டித் தருவதற்கு ஒரு வடிகட்டியும் இருந்தது.

வடிகட்டியைப் பற்றி ஒரு சொல். அது எண்களால் அன்றி உண்மையான மின்சுற்றால் இயங்கியதால் ஒரு 6581 போல இன்னொரு 6581 ஒலிப்பதில்லை. ஒரே பாட்டு ஒரு கணினியில் இருண்டும் இன்னொன்றில் பளிச்சென்றும் கேட்கும். பின்னர் வந்த 8580 சில்லில் இந்த வேறுபாடு குறைந்தது. அதனை முன்னேற்றம் என்று கொள்வோரும் இழப்பு என்று கொள்வோரும் இன்றளவும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மரத்தில் கடைந்த இரண்டு தவில்கள் ஒன்றுபோல் பேசுவதில்லை என்று பழகிய காதுக்கு இது பெரிய வியப்பல்ல.

மூன்று குரல்களில் ஒன்றை இராகத்துக்கும் ஒன்றைக் கீழ்ச்சுரத்துக்கும் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்று. அதற்குள் தாளமும் வேண்டும், மேற்கத்திய இசையின் இணைச்சுரங்களும் வேண்டும். இந்த நெருக்கடிக்கு இசையமைப்பாளர்கள் கண்ட விடைகளே சிப்டியூனின் இலக்கணமாயின. மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்க முடியாதபோது அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒலிக்கச் செய்தார்கள். காது அவற்றைப் பிரித்துக் கேட்பதில்லை. மூன்றும் கலந்த, உள்ளுக்குள் கொதிப்பது போன்ற ஒரே ஒலியாகத்தான் உணர்கிறது. கேட்டவுடன் "இது பழைய கேம் இசை" என்று யாரும் அடையாளம் காணும் அந்தக் குமிழியிடும் ஓசை இந்தச் சிக்கனத்தின் விளைவு. அதேபோல் தாள வாத்தியத்துக்கென்று தனிக்குரல் ஒதுக்காமல், கீழ்ச்சுரம் ஒலிக்கும் குரலையே ஒரு கணம் இரைச்சலாக மாற்றி உடனே துடிப்பு அலைக்குத் திருப்பினால், கேட்பவருக்கு மத்தளமும் கீழ்ச்சுரமும் சேர்ந்து ஒலித்தது போலிருக்கும். ரொப் ஹபார்ட், மார்ட்டின் கால்வே ஆகியோரின் எண்பதுகளின் ஆக்கங்களைக் கேட்கும்போது ஐந்தாறு பேர் வாசிப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இத்தகைய கைவேலைகள்தாம். அவர்கள் இசைக்குறிப்பு எழுதவில்லை. நிரலின் மொழியிலேயே இசையை எழுதினார்கள்.

இன்னொரு தந்திரம் சில்லைச் செய்தவர்களே எதிர்பாராதது. 6581இல் ஒட்டுமொத்த ஒலிப்பலத்தைத் தீர்மானிக்கும் எண்ணை மாற்றும்போதெல்லாம் சிறு 'டிக்' ஓசை எழும். குறைபாடுதான். அந்த எண்ணை நொடிக்குப் பல ஆயிரம் தடவை மாற்றினால் அந்த 'டிக்' ஓசைகள் சேர்ந்து பதிவு செய்யப்பட்ட மேள ஒலியாகவும் மனிதக் குரலாகவும் கேட்கும் என்று கண்டுபிடித்தார்கள். இல்லாத நான்காவது குரல் இவ்வாறு ஒரு குறைபாட்டிலிருந்து வந்தது. 8580 சில்லில் அந்தக் குறைபாட்டைத் திருத்தியபோது பழைய பாட்டுகளின் மேளம் ஏறக்குறையக் கேட்காமலே போயிற்று.

இதைவிட வறிய இயந்திரமும் இருந்தது. அதே 1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் ஒலிபெருக்கிக்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரு நிலைகளே. ஒலிப்பலம் என்பதே கிடையாது. அந்த இரு நிலைகளுக்கிடையே மிக விரைவாக மாற்றி மாற்றிப் பல குரல்களை எழுப்பிக் காட்டியவர்களில் டிம் ஃபொலின் முதன்மையானவர். அந்த நேரத்தில் கணினியால் வேறெந்த வேலையையும் செய்ய முடியாது என்பதால் அத்தகைய இசை பெரும்பாலும் முகப்புத் திரையோடு நின்றுவிடும்.

நாம் கேட்டது எது?

மேலே நொடிக்கு ஐம்பது தடவை என்று சொன்ன கணக்கு தொலைக்காட்சியிலிருந்து வந்தது. ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும் இசை நிரல் ஒரு தடவை இயங்கும். இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதியைப்போல, பி.ஏ.எல். என்ற முறையைக் கைக்கொண்ட நாடு. 1982இல் தொடங்கிய ரூபவாஹினியின் அலைகள் பிதுருதலாகலை உச்சியிலிருந்து எங்கள் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததும் அந்த முறையில்தான். (எழுத்துகளைச் சேர்த்துப் பால் என்று எழுதினால் வேறு நினைவு வந்துவிடும் என்பதால் புள்ளியிட்டே எழுதுகிறேன்.) அம்முறையில் திரை நொடிக்கு 50 தடவை வரையப்படும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையில் 60 தடவை.

இதன் விளைவு சிறியதல்ல. இசை நிரல் ஒரு தடவை இயங்குவதை ஒரு துடிப்பு என்றும், பாட்டில் ஒரு சுரத்தை எழுதும் இடத்தை ஒரு வரி என்றும் கொள்வோம். ஒரு வரிக்கு 6 துடிப்பு, ஒரு அட்சரத்துக்கு 4 வரி என்று வைத்தால் ஒரு அட்சரத்துக்கு 24 துடிப்பு. நொடிக்கு 50 துடிப்பென்றால் நிமிடத்துக்குச் சரியாக 125 அட்சரம். வரிக்கு 5 துடிப்பாக்கினால் 150. 7 ஆக்கினால் 107. இடைப்பட்ட வேகங்கள் எளிதில் அமையமாட்டா. எண்பதுகளின் ஐரோப்பியக் கணினி இசையில் இத்தனை பாட்டுகள் ஒரே 125 வேகத்தில் ஓடுவது இசையமைப்பாளரின் விருப்பத்தால் அன்று, மின்வழங்கலின் 50 ஹேர்ட்ஸை ஒட்டி அமைந்த தொலைக்காட்சி முறையால். அதே பாட்டை அமெரிக்கக் கொமடோரில் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுவதோடு, சில்லை இயக்கும் கடிகாரத்தின் வேகமும் சற்று அதிகமென்பதால் சுருதியும் அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்துவிடும்.

எங்கள் டீவி கேமின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் மூலக்கருவி நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம். அதில் இரண்டு துடிப்பு அலைகள், ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவு செய்த சிறு ஒலித்துண்டுகளுக்கான ஒரு வழி என ஐந்து குரல்கள் இருந்தன. தெற்காசியக் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அதன் நகல்களே. பி.ஏ.எல். தொலைக்காட்சிகளுக்காகச் செய்யப்பட்ட நகல்களில் பரவலாக இருந்த சில்லு, சுருதியை ஜப்பானிய மூலத்துக்கு மிக நெருக்கமாக வைத்துக்கொண்டது. ஆனால் திரை 50 தடவையே வரையப்பட்டதால் இசை ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடந்தது. போதாக்குறைக்கு, அத்தகைய பல நகல்களில் துடிப்பு அலையின் இரண்டு அகலங்கள் (ஒரு சுழற்சியில் அலை மேலே நிற்கும் பங்கு) இடம்மாறியிருந்தன. மூலத்தில் கால் பங்கு அகலத்தில் மூக்கால் பாடுவதுபோல் ஒலிக்க வேண்டிய குரல், நகலில் அரைப் பங்கு அகலத்தில் உருண்டு திரண்டு ஒலித்தது. உருண்டு ஒலிக்க வேண்டியது மூக்கால் பாடியது.

ஆகவே, ஜப்பானில் வளர்ந்த ஒருவரும் மஸ்கெலியாவில் வளர்ந்த ஒருவரும் ஒரே விளையாட்டின் இசையை நினைவிலிருந்து முணுமுணுத்தால், சுரங்கள் ஒத்துப்போகும். நடையும் நாதமும் ஒத்துப்போகாமல் இருக்க நிறைய வாய்ப்புண்டு. இன்று எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல இயங்கும் கணினி மென்பொருளில்) மூல வடிவத்தைக் கேட்கும் எங்கள் தலைமுறையினர் சிலர் ஏதோ அவசரப்படுத்தப்பட்டது போல் உணர்வதை நானே கண்டிருக்கிறேன். அவர்களுடைய காது பிசகவில்லை. சிப்டியூனில் எது அசல் என்ற வாதம் எழும்போது, நகல் பெட்டியின் ஒலியையும் ஒரு வாத்தியத்தின் ஒலியாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இங்கே பெரும்பாலோர் கேட்டு வளர்ந்தது அந்த வாத்தியத்தைத்தான்.

கைக்குள் அடங்கும் வாத்தியம்

இன்று சிப்டியூன் அமைப்போர் பலர் கையில் எடுப்பது 1989இல் வெளிவந்த நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் போய். இதற்குக் குரல்கள் நான்கு. இரண்டு துடிப்பு அலைகள். அவற்றின் அகலத்தை எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால் என்ற நான்கில் ஒன்றாக வைக்கலாம். மூன்றாவது குரலின் அலைவடிவத்தை நாமே வரைந்து கொடுக்கலாம்: 32 புள்ளிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஓர் உயரம், மொத்தம் 16 பைட்டுகள். நான்காவது இரைச்சல். ஒலிபெருக்கி ஒன்றே என்றாலும் ஹெட்போனில் கேட்டால் இடம், வலம் எனப் பிரிந்து ஒலிக்கும்.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல என்பதுதான் இதனை வாசிக்கத் தக்க கருவியாக்குகிறது. துடிப்பு அலைகளுக்கு 16 படிநிலைகளில் பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நாம் வரையும் அலைக்கோ முழுப்பலம், அரை, கால், மௌனம் என்ற நான்கு நிலைகளே. ஆகவே அந்தக் குரலில் ஒரு சுரத்தை மெல்லத் தேயவிட வேண்டுமானால் பலத்தைக் குறைத்துப் பயனில்லை. அலைவடிவத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கிக்கொண்டு போக வேண்டும். சுருதியும் படிக்கட்டாகத்தான் ஏறும். துடிப்பு அலையின் அலைவெண், 131072ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தால் வருவது. 440 ஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் 298ஆல் வகுக்கலாம், 439.8 கிடைக்கும், எவருக்கும் வேறுபாடு தெரியாது. அதற்கு மூன்று ஸ்தாயி மேலே 3520 ஹேர்ட்ஸ் வேண்டுமென்றால் 37ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 3542. கூர்ந்து கேட்பவருக்கு அது சுருதி விலகல். 38ஆல் வகுத்தால் 3449க்கு இறங்கிவிடும். கீழ்ப்புறத்தில் 64 ஹேர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குரல் போகவே போகாது. நாம் வரையும் அலை மட்டும் 32 வரை இறங்கும். மேல் ஸ்தாயியில் கமகம் வைத்தால் அது வளைவாக அமையாமல் பல்லிளித்துக்கொண்டு நிற்பதன் காரணம் இதுவே. கமகத்தை நடு ஸ்தாயியிலோ அதற்குக் கீழோ வைத்துக்கொள்வது நல்லது என்பதை எனக்கு இந்த வகுத்தல்தான் கற்றுக்கொடுத்தது.

கேம் போயில் இசை அமைப்பதற்கான மென்பொருள்களில் இரண்டு பெயர்பெற்றவை. ஜெர்மனியரான ஒலிவர் விட்சோவ் 1998இல் உருவாக்கிய நானோலூப் ஒன்று. சுவீடனைச் சேர்ந்த யோஹான் கொட்லின்ஸ்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எல்எஸ்டிஜே மற்றொன்று. இரண்டாவது, சுரங்களை வரிவரியாக அட்டவணையில் எழுதும் ட்ராக்கர் என்ற வகையைச் சேர்ந்தது. ட்ராக்கரின் வரலாறு 1987இல் அமிகா கணினிக்காகக் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய மென்பொருளோடு தொடங்குகிறது. சிப்டியூன் என்ற சொல்லும் அமிகாவைச் சுற்றியே பரவியது என்பது சுவையான முரண்: பதிவு செய்த ஒலிகளை வாசிக்க வல்ல அந்தக் கணினியில், மிகச்சிறிய அலைத்துண்டுகளைச் சுழலவிட்டுப் பழைய சில்லுகளைப் போல ஒலிக்கச் செய்த ஆக்கங்களுக்கே முதலில் அந்தப் பெயர் வழங்கியது. போலச் செய்ததற்கு வைத்த பெயர் பின்னர் அசலுக்கு ஒட்டிக்கொண்டது.

ட்ராக்கரில் நேரம் இடமிருந்து வலமாக ஓடாது. மேலிருந்து கீழாக இறங்கும். எல்எஸ்டிஜேயில் 16 வரிகள் கொண்டது ஒரு சொற்றொடர். சொற்றொடர்களைக் கோத்தால் சங்கிலி. நான்கு குரல்களுக்கும் சங்கிலிகளை அடுக்கினால் பாட்டு. எண்கள் எல்லாம் பதினாறின் அடியில் அமைந்தவை. 9க்கு அடுத்தது 10 அன்று, ஏ. அவ்வாறே எஃப் வரை. முதல் வாரத்தில் இது தொல்லையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் சுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டளை எழுதலாம்: 'எல்' என்றால் முந்தைய சுரத்திலிருந்து இதற்கு வழுக்கிச் செல், 'வி' என்றால் நடுக்கு, 'சி' என்றால் மேலே சொன்ன விரைவுச் சுரமாற்றம், 'கே' என்றால் ஒலியை அறுத்துவிடு.

பதினாறு வரி என்பது நான்கு நான்காக எண்ணும் இசைக்கு வசதியானது. நமக்கு அது கட்டுப்பாடு. ஆனால் கடக்கக்கூடிய கட்டுப்பாடு. பதினைந்தாவது வரியில் 'எச்' என்ற கட்டளையை வைத்தால் சொற்றொடர் அங்கேயே முடிந்து அடுத்ததற்குத் தாவிவிடும். பதினான்கு வரி என்பது ஏழின் இரட்டிப்பு. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு அதற்குள் பிசகில்லாமல் உட்காரும். மேற்கத்திய இணைச்சுரங்களின் தேவையும் நமக்குக் குறைவு. விரைவுச் சுரமாற்றத்துக்கு ஒரு குரலைத் தொலைக்காமல், மூன்றாவது குரலில் சட்சமும் பஞ்சமமும் கலந்த அலையொன்றை வரைந்து சுருதியாக நிறுத்திவிட்டு, இரண்டு துடிப்பு அலைகளையும் இராகத்துக்கே கொடுக்கலாம். ஒன்று பாட, மற்றொன்று சில வரிகள் தாமதித்து மெல்லிய பலத்தில் அதையே திரும்பப் பாடினால், பள்ளத்தாக்கில் கூப்பிட்ட குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது போலிருக்கும். எதிரொலிக்கென்று தனிச்சுற்று எதுவும் கேம் போயில் இல்லை. இப்படிச் செய்வதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மலையில் இதைச் செய்வதென்றால்

கொமடோர் 64 இங்கே தேடிக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதனோடு வரும் பழைய மின்வழங்கிப் பெட்டியை நம்பிச் செருகக்கூடாது. அப்பெட்டி பழுதடையும்போது 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் அதற்கு மேல் அனுப்பிச் சில்லுகளைக் கொன்றுவிடும் என்பது எங்கும் அறியப்பட்ட உண்மை. கேம் போய் அவ்வளவு அபாயமானதல்ல. ஆயினும் மலையக ஈரம் எல்லாவற்றுக்கும் பகை. நுவரெலியாவைப் போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும்போது, கழற்றாமல் விட்ட மின்கலங்கள் கசிந்து செப்புத் தகடுகளில் பச்சை படர்வதற்கு அதிக நாள் வேண்டியதில்லை. பாட்டை எழுதிய பின் மின்கலங்களைக் கழற்றி வைப்பதும், கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைப்பதும் வழக்கமாகிவிட வேண்டும். பழைய கேம் போய்களின் திரையில் சில கோடுகள் தெரியாமல் போவது வேறு வகை நோய். திரையின் விளிம்பிலுள்ள இணைப்பைப் பற்றாசுக் கோலால் மெல்லச் சூடாக்கினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. பல கார்ட்ரிட்ஜ்களில் பாட்டைச் சேமிக்கும் நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது உள்ளே உள்ள நாணய வடிவ மின்கலம். அது ஓய்ந்துவிட்டால் பாட்டும் போய்விடும். பிரதியெடுக்காமல் வைத்திருந்த ஏழு மாத வேலையை நான் அவ்வாறு இழந்திருக்கிறேன். புதிய ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ்களில் இந்த இடர் குறைவு.

இத்தனைக்கும் ஈடாகக் கேம் போய்க்கு ஒரு நற்குணம் உண்டு. நான்கு சாதாரண ஏஏ மின்கலங்களில் அது பத்து மணிநேரத்துக்கும் மேல் ஓடும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியபோது, கணினியில் இசை அமைத்த என் நண்பர்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, என் கையிலிருந்த பெட்டி நின்றதில்லை. ஒளியற்ற திரையாதலால் அதையும் அதே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொடங்குவோர் பழைய கருவியை வாங்கித்தான் ஆக வேண்டுமென்பதில்லை. ஃபர்னஸ் என்ற இலவச ட்ராக்கர் சாதாரண மடிக்கணினியில் சிட், ஃபமிகொம், கேம் போய் உட்படப் பல சில்லுகளைப் போல ஒலிக்கும். சிட் சில்லின் நடத்தையை எண்களால் மீட்டெடுத்த டாக் லெமின் ரெசிட் என்ற நிரல் இன்று பல எமுலேட்டர்களின் உள்ளே இருக்கிறது. கேட்டுப் பழகுவதற்குச் சிட் இசையை மட்டும் திரட்டி வைத்துள்ள ஹை வோல்டேஜ் சிட் தொகுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் இருக்கின்றன. இந்த மரபோடு பின்னிப் பிணைந்த டெமோசீன் என்ற கணினிக் கலை வழக்கத்தைப் பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் தத்தம் நாட்டின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. முதலில் மடிக்கணினியில் எழுதி, விரல் பழகிய பின் கருவியை வாங்குவதே சிக்கனமானது. விலை கொடுத்து வாங்கிவிட்டு, பதினாறின் அடியில் எண்ணத் தெரியாமல் அலமாரியில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரைச்சலும் தப்பும்

நான்கு குரல்களில் கடைசியாகப் பேசப்படுவது எப்போதும் இரைச்சல்தான்; எனக்கு அதுவே முக்கியமானது. கேம் போயின் இரைச்சல் உண்மையில் தற்செயலானதல்ல. 15 இருமங்கள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) கொண்ட ஒரு வரிசை ஒவ்வொரு துடிப்புக்கும் ஓரிடம் நகர்ந்து, தன் இரு இருமங்களை ஒப்பிட்டுப் புதிய இருமத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 32767 படிகளுக்கு ஒருமுறை அதே வரிசை திரும்ப வரும். அவ்வளவு நீளமென்பதால் காதுக்கு அது தகரக் கூரையில் விழும் மழை. வரிசையை 7 இருமங்களாகச் சுருக்கினால் 127 படிகளுக்கு ஒருமுறை திரும்ப வந்துவிடும். அந்தத் திரும்பல் காதுக்குச் சுரமாகப் படுவதால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசை எழும். மழைக்கும் உலோகத்துக்கும் இடையில் ஒரேயொரு இருமத்தின் வேறுபாடுதான்.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்துக்கு வாசிக்கும் தப்பு அடியை இதில் எழுத முயன்றேன். தப்பில் தோல் ஒன்று, குச்சிகள் இரண்டு: குட்டையாகத் தடித்தது ஒன்று, நீண்டு மெலிந்தது ஒன்று. தடித்த குச்சியின் அடிக்கு நீள வரிசை இரைச்சலைத் தாழ்ந்த அலைவெண்ணில் ஒரு வெட்டு. அதனோடு மூன்றாவது குரலில் சட்டென்று கீழிறங்கும் ஒரு சுரம், வயிற்றில் உணரும் அதிர்வுக்காக. மெலிந்த குச்சிக்குக் குறுகிய வரிசையில் உயர்ந்த அலைவெண். பலம் பாதிக்கும் குறைவு. நீளம் ஒரு துடிப்பு. இரண்டு அடிகளுக்கும் நடுவே விழும் இடைவெளி சீராக இருக்கக்கூடாது என்பதால் வரிகளின் துடிப்பை 6, 6 என்று வைக்காமல் 7, 5 என்று மாற்றி வைத்தேன். எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் தப்பு வாசித்த பெரியவர் ஒருவரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார். "அடி எல்லாம் சரியாத்தான் விழுது தம்பி. ஆனா இது காய்ச்சாத தோலு" என்றார்.

பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதும், கூத்தின் நடுவே வைக்கோலைக் கொளுத்தித் தப்பைச் சூடாக்கி மீண்டும் விறைக்க வைப்பார்கள் என்பதும் நான் அறியாததல்ல. சிறுவயதில் அந்த நெருப்பருகே குளிர்காய நின்றவன் நான். ஆனால் எழுதும்போது தப்பின் ஒலியை ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டிருந்தேன். வாசிக்க வாசிக்க இறங்குவதும், தீயில் காட்டிய பின் ஏறுவதும் என் பதினான்கு வரிகளுக்குள் இல்லை. இப்போது பாட்டின் நீளம் முழுவதும் இரைச்சலின் அலைவெண்ணை ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு படி இறக்கிக்கொண்டு வருகிறேன். எட்டாவது சங்கிலியில் தாளத்தை முற்றிலும் நிறுத்திவிட்டுச் சுருதியை மட்டும் ஓடவிடுகிறேன். அது தப்பு தீயருகில் இருக்கும் நேரம். ஒன்பதாவதில் முதல் அடி தொடக்கத்தில் இருந்ததைவிட இரண்டு படி உயரத்தில் விழுகிறது. அந்த மௌனம் எத்தனை வரி நீள வேண்டும் என்பதில் மட்டும் பெரியவரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் கேட்கும் நீளத்துக்கு இன்னும் இரண்டு சங்கிலிகள் வேண்டும்.